தாராவியில் செவியும் கருவியும்

மும்பை மாநகரின் நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், தாதருக்கு வடக்கே மேற்கு இரயில் பாதையும் மத்திய இரயில் பாதையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதைக் காணலாம். அவ்விரண்டிற்கும் நடுவே, மாகிம் நிலையத்திற்கும் சயான் நிலையத்திற்கும் இடைப்பட்டு, மித்தி ஆறு கழிமுகமாக விரியும் இடத்திற்குத் தெற்கே அமைந்துள்ளது தாராவி. அதன் பரப்பு இரண்டு சதுரக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவே. அச்சிறு நிலத்தினுள் எத்தனை இலட்சம் மக்கள் வாழ்கின்றனர் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குக் கூறுகின்றனர். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் மனிதர் அங்கு நெருங்கி வாழ்கின்றனர் என்பதில் ஐயமில்லை.

இவ்விதழைப் படிக்கும் நம்மவர் குடும்பங்களுக்குத் தாராவி புதிய பெயரன்று. ஆயினும், மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்முள் பலர் அதனைப் பேருந்தின் சாளரத்தின் வழியே கண்டவர்களே. உள்ளே சென்று ஒரு குவளைத் தேநீர் அருந்தியவர் சிலரே. 1987இல் வெளிவந்த ‘நாயக’னையும் 2018இல் வெளிவந்த ‘காலா’வையும் திரையில் பார்த்துவிட்டுத் தாராவியைப் பார்த்துவிட்டதாக எண்ணுவோர் மிகுதி. இதழியல் பயிலும் மாணவர்களாகிய நாங்கள் நால்வரும் அங்கே சென்றது ஒரு பயிற்சியின் பொருட்டு. எழுத்து, நிழற்படம், ஒலிப்பதிவு, அசைபடம் ஆகிய நான்கையும் ஒருங்கிணைத்து ஓர் இடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். காலம் இரண்டு திங்கள். எங்களுள் இருவர் தமிழர், ஒருவர் குஜராத்தி பேசுபவர், ஒருவர் மராத்தியர். இம்மூன்று மொழிகளும் ஒருசேரப் பயன்படும் ஊர் எது என்று எண்ணியபோது, வேறு பெயர் எதுவும் எங்கள் நினைவில் தோன்றவில்லை.

எங்கள் ஆசிரியர் விதித்த முதல் கட்டளை, முதல் மூன்று நாள்களுக்குக் கருவி எதனையும் எடுத்துச் செல்லக் கூடாது என்பது. இரண்டாவது, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடையோடு முடிந்துவிடும் வினாவை எவரிடமும் கேட்கக் கூடாது என்பது. “இங்கே கடினமாக இருக்கிறதா?” என்று கேட்டால், “ஆமாம்” என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்ப்பார். “இன்று காலை எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள்?” என்று கேட்டால், தண்ணீர் வந்த நேரம் முதல் பால்காரனோடு நேர்ந்த சச்சரவு வரை அனைத்தும் வெளிவரும். ‘சொல்லுங்கள்’, ‘எப்படி’, ‘பிறகு’ என்னும் மூன்று சொற்களை வைத்துக்கொண்டே ஒரு முற்பகல் முழுவதும் பேட்டி காணலாம் என்பதை அங்கே கண்டோம்.

அம்மூன்று நாள்களில் ஊரைச் சுற்றினோம். காலா கிலா என்னும் பெயரைப் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே பலரும் அறிவர். கிலா என்றால் கோட்டை. பணிமனைக்கு அருகில் வீடுகளுக்கும் செடிகொடிகளுக்கும் இடையே கருங்கற்கோட்டை ஒன்று உண்மையாகவே நிற்கின்றது. பம்பாயின் ஆளுநராக இருந்த ஜான் ஹார்ன் என்பவரின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என்று அதன் கல்வெட்டுக் கூறுகின்றது. எதிர்க்கரையிலிருந்த சாஷ்டித் தீவில் போர்ச்சுகீசியரின் ஆட்சி நிலைகுலைந்து மராத்தியர் நுழைந்த ஆண்டும் அதுவே. கழியின் வழியே பகைவர் வந்துவிடாமல் காவல் காக்க எழுந்த கோட்டையின் சுவரையொட்டி இன்று துணி உலர்கின்றது. வழி கேட்டபோது அங்கிருந்த சிறுவர் இருவர், “ரஜினி படம் எடுத்த கோட்டையா?” என்று எங்களைத் திருப்பிக் கேட்டனர். படத்தின் பெயருக்கும் கோட்டையின் பெயருக்கும் உள்ள ஒற்றுமையால் அவர்கள் தாமாகவே ஒரு தலபுராணம் படைத்துக்கொண்டார்கள்!

நம்மவர் இங்கு வந்த வரலாறு தோலோடு தொடங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்தின் எல்லைக்கு ஒதுக்கப்பட்ட தொழில்களுள் தோல் பதனிடுதலும் ஒன்று. அண்மையில் பாந்திராவில் இறைச்சிக் கூடம் இருந்தது. நீருக்குக் கழி இருந்தது. தொழிலறிந்த தமிழ் முஸ்லிம்கள் தோல் கிடங்குகளை நிறுவினர். அவற்றில் பணியாற்றத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். 1970களின் தொடக்கத்தில் இறைச்சிக் கூடம் தேவனாருக்கு மாற்றப்பட்டபின் பதனிடும் தொழில் சிறிது சிறிதாக அகன்றது. தோற்பை, இடைவார் விற்கும் கடைகள் மட்டும் பெருஞ்சாலையில் வரிசையாக நிற்கின்றன. இன்றும் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் ஆத்திசூடி ஒப்பிக்கின்றனர்.

நான்காம் நாள் கருவிகளோடு கும்பார்வாடாவுக்குச் சென்றோம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் தெருக்கள் அவை. வீட்டின் முன்புறம் கடை, நடுவே சக்கரம், பின்புறம் பொதுச் சூளை என்பது அமைப்பு. எங்கள் குஜராத்தித் தோழி, “காகா, இந்தக் களிமண் கைக்கு எப்போது பிடிபடும்?” என்று ஒரு முதியவரிடம் கேட்டாள். அவர் விடை சொல்லவில்லை. சக்கரத்தின்மேல் இருந்த மண்ணில் அவளுடைய கட்டைவிரலை எடுத்து வைத்தார். அன்று எங்களுக்குக் கிடைத்த பேட்டிகளுள் அதுவே சிறந்தது. ஒரு சொல்லும் இல்லாமையால் ஒலிப்பதிவில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. நல்லவேளை, நிழற்படம் எடுத்துக்கொண்டிருந்த தோழர் அந்தக் கணத்தைத் தவறவிடவில்லை.

ஒரு தொழிலை அசைபடமாக்குவதற்கு எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறை எளிது. கைகளை மிக அருகில் ஒரு காட்சி; அக்கைகளுக்குரிய முகம் ஒரு காட்சி; ஆளும் இடமும் சேர்ந்து தெரியும் அகன்ற காட்சி ஒன்று; தொழிலாளியின் தோளுக்குப் பின்னின்று அவர் காண்பதையே காட்டும் காட்சி ஒன்று; எவரும் எதிர்பாராத கோணத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் பத்து நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். இவ்வைந்தும் கையில் இருந்தால் பின்னர்த் தொகுக்கும்போது எந்த இடத்திலும் வெட்டி ஒட்டலாம். சொல்வதற்கு எளிதே ஆயினும், ஓராள் மட்டுமே பக்கவாட்டில் நுழையக்கூடிய சந்தில் ‘அகன்ற காட்சி’க்குப் பின்வாங்கினால் அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்குள் அன்றோ நிற்க வேண்டியிருக்கும்!

ஒலியின் செய்தி வேறு. மைக்கைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடிக்க வேண்டும். ஹெட்ஃபோனை மாட்டாமல் பதிவு செய்யக் கூடாது. பேட்டி காண்பவர் ‘உம்’ கொட்டலாகாது. தலையை மட்டும் அசைக்கலாம். இல்லாவிடில் ஒரு பாட்டியின் கண்ணீர்க் கதைக்கு இடையிடையே நம் ‘உம், உம்’ ஒலித்துக்கொண்டே இருக்கும். பேச்சு முடிந்ததும் எல்லோரும் வாய்மூடி இருக்க, அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். தொகுக்கும்போது இரு சொற்களுக்கிடையே வெற்றிடம் விழுந்தால், அதனை இட்டு நிரப்புவது அந்த ஒலியே. வெறும் அமைதி என்று ஒன்று இல்லை என்பதும், ஒவ்வோர் அறையின் அமைதியும் வேறு வேறு என்பதும் செவிக்குப் புலப்பட்டபோது எங்களுக்கு வியப்பே உண்டாயிற்று. குளிர்பெட்டியின் இரைச்சல் பதிவைக் கெடுக்கும் என்பதால் அதனை அணைக்க நேரும். மறுபடி போட மறந்தால் அவ்வீட்டார் பால் கெட்டுவிடுமே! அதற்காக நம் வண்டிச் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய உத்தி. சாவியின்றி வீடு திரும்ப இயலாதல்லவா? எங்கள் நால்வருக்கும் வண்டியில்லை. இரயில் பயணச்சீட்டுகளை வைத்தோம்.

பொழுது புலர்வதற்கு முன் இட்டிலித் தெருவுக்குச் சென்ற நாள் மறக்கற்பாலதன்று. நகரத் தெருக்களில் மிதிவண்டியிலும் தலைமேல் ஏந்தியும் இட்டிலி விற்கும் நம் உடன்பிறப்புகளுள் பலர் தாராவியிலிருந்தே புறப்படுகின்றனர். மாவு அரைக்கும் இயந்திரத்தின் ஒலி, தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி, ஆவி சீறும் ஒலி, பின்னர் இரப்பர்க் குழலைப் பிதுக்கும் ‘பாம், பாம்’ என்னும் ஒலி. “அண்ணாச்சி, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?” என்று கேட்டோம். “தூங்கினாத்தானே தம்பி எந்திரிக்கதுக்கு?” என்றார் ஒருவர். இதனை எழுத்தில் படிப்பதைவிட அவருடைய குரலில், பின்னே ஆவி சீறக் கேட்பது பன்மடங்கு இனிது. இக்காலத்தில் எதனையும் அசைபடமாக்கிவிட வேண்டும் என்னும் ஆவல் மிகுந்துள்ளது. எங்கள் கருத்தோ வேறு. படம் நம்மை வேடிக்கை பார்க்க வைக்கின்றது. குரல் பக்கத்தில் உட்கார வைக்கின்றது. கணக்கும் சட்டமும் எழுத்துக்கு உரியவை. எது எதற்கு உரியது என்று பிரித்தறிவதே இப்பயிற்சியில் பெரும்பகுதி.

இவையெல்லாம் புதுமை என்று எண்ணுவோர் ஏ. கே. செட்டியாரை நினைவுகூர்தல் வேண்டும். கோட்டையூரில் 1911இல் பிறந்த அவர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை பயின்றவர். பயண நூல்கள் எழுதியவர். ‘குமரி மலர்’ என்னும் இதழை நடத்தியவர். உலகெங்கும் அலைந்து பலர் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடித் தொகுத்துக் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்தை 1940இல் தமிழில் வெளியிட்டவர். எழுதுகோலும் படக்கருவியும் ஒரே கையில் இருக்கலாம் என்று காட்டியவர் அவர். நாங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைப்பேசி செய்யும் வேலைக்கு அவர் கப்பலேற வேண்டியிருந்தது. நம் காலத்தில் சென்னையில் பிறந்த பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ஊரக இந்தியாவின் மக்கள் காப்பகம் எழுத்தையும் படத்தையும் ஒலியையும் இணைத்துப் பல மொழிகளில், தமிழிலும், சிற்றூர் மக்களின் வாழ்வைப் பதிந்து வருகின்றது. எங்கள் வகுப்பில் வாரந்தோறும் அதிலிருந்து ஒரு கதையை எடுத்து, எந்த இடத்தில் எழுத்தாளர் விலகி நின்று மனிதரைப் பேசவிட்டார் என்று ஆராய்வது வழக்கம்.

இனி, எங்களை இரண்டு வாரம் உறங்கவிடாத செய்திக்கு வருவோம்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்கு 2022 நவம்பரில் திறக்கப்பட்ட ஏலத்தில் அதானி குழுமம் முன்னின்றது. 2023இல் அரசு அதனை உறுதி செய்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. அறிவிக்கப்பட்ட விதிகளின் சாரம் இது: 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீட்டாருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் வந்தோருக்கும் மாடித்தளங்களில் வாழ்வோருக்கும் அவ்வுரிமை இல்லை. அவர்களுக்கு உரியது தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ. ஆகவே, ‘எந்த ஆண்டு வந்தீர்கள்?’, ‘எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள்?’ என்னும் வினாக்கள் வேறெங்கும் நலம் விசாரிப்பு. தாராவியில் அவை வழக்குமன்ற வினாக்கள்.

90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், செங்குத்தான இரும்பு ஏணி வழியே ஏறிச் செல்லும் அறையில் ஓர் ஆச்சியைக் கண்டோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். கணவர் தோல் கிடங்கில் பணியாற்றி மறைந்தவர். முதல் நாள் அவர் தம்மைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. எங்கள் வீட்டார் அனைவரையும் விசாரித்தார். இரண்டாம் நாள், “தோல் கிடங்கு எப்படி இருக்கும் ஆச்சி?” என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். இத்தகைய நேரத்தில் அடுத்த வினாவைத் தொடுக்காமல் இருப்பதே கடினம். மின்விசிறியின் ஒலி மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது. பிறகு தாமே தொடங்கினார். கணவரின் கையிலிருந்த சுண்ணாம்பு வெடிப்புகளையும், எத்தனை முறை குளித்தாலும் நீங்காத வாடையையும், “அந்த வாடை போனப்பொறந்தான் அவுக போய்ட்டாகன்னு எனக்கே நம்பிக்கை வந்துச்சு” என்பதையும் சொன்னார். எங்கள் தோழிக்கு ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இயலவில்லை.

அப்பேச்சின் தொடர்ச்சியாகவே, தரைத்தளத்தில் இருந்த சொந்த வீட்டை மகளின் திருமணத்திற்காக விற்றதையும், அதன்பின் இந்த மாடியறைக்கு வாடகைக்கு வந்த ஆண்டையும், அறைக்கு உரியவர் கீழ்வீட்டார் என்பதையும் ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டார். கதை என்று பார்த்தால் அதன் உயிர்நிலையே அந்தப் பகுதி. ஒரு குடும்பம் தரையிலிருந்து மாடிக்கு ஏறியது ஏற்றமன்று, இறக்கம் என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல இயலாது. ஆனால், அதே பகுதி அவருடைய குரலில், அவருடைய ஏணியின் படத்தோடு வெளிவந்தால், நாளை எவரேனும் எடுத்துக் காட்டும் சான்றாகவும் ஆகலாம். கீழ்வீட்டாரோ எங்களோடு ஒரு சொல்லும் பேசியவர் அல்லர்.

எங்களுள் கருத்து வேற்றுமை எழுந்தது. முறையாகக் கேட்டு, அவர் இசைவோடு பதிந்ததை மறைக்க நமக்கு என்ன உரிமை என்றார் மராத்தியத் தோழர். அஃது அற்பமான வாதமன்று. ஏழைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் பேச்சை நாமே வெட்டினால், அதுவும் ஒருவகை வாய்ப்பூட்டே. பேசுவதற்கு இசைந்தாரேயன்றி இதன் பின்விளைவுக்கு அவர் இசையவில்லை என்றனர் மற்றவர். ஆசிரியர் எப்பக்கமும் சாயவில்லை. “தீர்ப்பு உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, அந்த அம்மையாரிடம் போட்டுக் காட்டுங்கள்” என்றார்.

அவ்வாறே ஹெட்ஃபோனை ஆச்சியின் காதில் மாட்டிப் பதிவு முழுவதையும் கேட்கச் செய்தோம். தம் குரலைக் கேட்டு முதலில் சிரித்தார். கணவரைப் பற்றிய பகுதியில் கண்ணை மூடிக்கொண்டார். பின்னர், விதிகள் இன்னவை, இந்த ஆண்டும் இந்த ஏணியும் வெளிவந்தால் இன்னது நேரலாம் என்று நாங்கள் அறிந்தவற்றை எளிய தமிழில் விளக்கினோம்.

“இத யாரு யாரு கேப்பாக?”

“யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆச்சி.”

நெடுநேரம் ஆராய்ந்தார். “வீட்ட வித்தேன்னு இருக்கட்டும். மகளுக்காக வித்தேன்; அதுல என்ன வெக்கம்? வருசத்த எடுத்துரு. கீழ இருக்கவுக பேச்ச எடுத்துரு. அவுக எனக்கு வாடகைய ஏத்தல. ஏணியப் போடாத. எம் பேரும் வேண்டாம். ஊருப் பேரப் போடு, ஊருல கேக்கட்டும்” என்றார். ஒரு தொகுப்பாசிரியர் இதனைவிடத் தெளிவாக வெட்டியிருக்க மாட்டார். ஊரின் பெயரை எங்கள் தொகுப்பில் மட்டும் சேர்த்தோம், இங்கே தவிர்த்துள்ளோம்.

அவர் முகம் இல்லை, ஏணி இல்லை. தோல் கடையில் தொங்கும் பைகளும், தையல் இயந்திரத்தின்மேல் கைகளும், மின்விசிறியின் நிழலும் படங்களாயின. அவற்றின்மேல் அவர் குரல் நான்கு நிமிடம் ஒலித்தது. மாடியில் வாழ்வோருக்கு விதி என்ன சொல்கின்றது என்பதை எவர் பெயரோடும் ஒட்டாமல் எழுத்தில் தனியே தந்தோம். இதனால் கதை சற்று வலுவிழந்தது என்றே மராத்தியத் தோழர் இன்றும் கருதுகின்றார். ஒருவகையில் அவர் கூற்று மெய்யே. அந்த ஏணியை ஒரு முறை பார்த்தவர் மறவார். மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர், “இந்தக் குரலுக்கு முகம் எங்கே?” என்று வினவினார். விளக்கினோம். மதிப்பெண்ணில் சிறிது குறைந்தது.

தொகுப்பை ஆச்சியின் மகளுடைய கைப்பேசிக்கு அனுப்பினோம். சில நாள் கழித்து, ஊரிலிருந்து உறவினர் எவரோ அழைத்து, அது தம் சித்தியின் குரல்தானே என்று கேட்டதாகச் செய்தி வந்தது. ஆச்சிக்கு அதில் மகிழ்ச்சியே. குரலை அறிந்தவர் அறிந்துகொள்வர் என்பதை நாங்கள் முன்னரே அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் விரும்பியதும் அதுவே போலும்.

தாராவிக்குச் செல்ல விரும்பும் நேயர்கள் சயான் நிலையத்தில் இறங்கினால் 90 அடிச் சாலையை நடந்தே அடையலாம். கும்பார்வாடாவுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் செல்வது நன்று. அகல் விளக்குகள் தெருவெங்கும் அடுக்கப்பட்டிருக்கும். கழிக்கு அருகிலுள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவையும் காணலாம். முன்பு குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் மரம் வளர்த்து 1994இல் திறக்கப்பட்டது அது. நம்மவரைக் காண வேண்டுமாயின் பொங்கல் நாளே ஏற்றது. அன்று காலை 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பர். ஆச்சியும் வருவதாகக் கூறியுள்ளார். வரும் தையில் எங்களுக்கும் ஓர் இலை உண்டு என்றார்.